எல்லைக்கல்லில் கழற்றிவைத்த செருப்பு

ஜனவரி 20, செவ்வாய்

காலை ஒன்பது வரை பனிமூட்டம். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ் கண்ணுக்குத் தெரியவில்லை, ஹாரன் மட்டும் கேட்டது. துவைத்துப் போட்ட சீருடைச் சேலை மூன்று நாளாகியும் ஈரம். இஸ்திரி போட்டே காயவைத்துக் கட்டினேன். ரவிக்கைக்குள் முழுக்கை பனியன். பார்க்கிறவர்கள் நான் பெருத்துவிட்டதாக நினைப்பார்கள். நினைக்கட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, சர்க்கரை நோயாளிகள் பட்டியல் எல்லாம் ஓய்ந்தபிறகு மேலிடத்திலிருந்து உடை பற்றி ஒரு சுற்றறிக்கை. டாக்டரம்மா வாசித்தார். பணி நேரத்தில்

— சீருடை கட்டாயம்
— அடையாள அட்டை வெளியே தெரிய வேண்டும்
— கண்ணாடி வளையல், மோதிரம் கூடாது
— மூடிய காலணி, அதாவது ஷூ

மருந்தாளுநர் எழுந்து, “குல்லாயப் பத்தி ஒண்ணும் போடலீங்களே?” என்றார். மார்கழி பிறந்ததிலிருந்து அவர் தலையில் இருக்கும் குரங்குக் குல்லாய் இன்னும் இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. என் மகள் வயசு அவருக்கு. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் குழந்தைகள் ஊசி என்று அலறுகின்றன என்று கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுச் சுடிதாரோடு வைத்தியம் பார்க்கிறார். ஆளுக்கு ஒரு நியாயம்.

நான் சொன்னேன்: “எங்க ஊருங்கள்ல செருப்பே ஆகாதுங்க. இதுல ஷூவாம்!”

“உங்களுக்கு விதிவிலக்கு. நீங்கதான் வெறுங்கால் நர்ஸ் ஆச்சே” என்றார் டாக்டரம்மா. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

நானே எனக்குச் சொல்லிக்கொள்வதென்றாலும் எழுதிவைக்கிறேன். ஆறு வருசத்துக்கு முன்னால் இந்த மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியின் கிராமங்கள் என் பொறுப்பில் வந்தன. முதல் நாள் மேல்வளவுக்குப் போனபோது ஊர் முகப்பில் ஒரு கல். கல்லைச் சுற்றி ஊர்க்காரர்களின் செருப்புகள். கல்லுக்கு அந்தப் பக்கம் சாமி நடமாடும் மண், செருப்பு போகக்கூடாது என்று கூட வந்த பெண் சொன்னாள். நானும் கழற்றிவிட்டு நடந்தேன். வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி என் மோவாயைப் பிடித்து, “நம்மூட்டுப் பொம்பளயாட்டம் இருக்கறயே கண்ணு” என்றாள். அன்றைக்கு முளைத்த கொம்பு இன்னும் தலையில் இருக்கிறது. போன வருசம் யாரோ எடுத்த போட்டோ, நான் தடுப்பூசிப் பெட்டியோடு வெறுங்காலில் மேடேறுவது, எல்லோர் போனிலும் சுற்றியது. லேமினேட் செய்து டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறேன். “பொட்டு ஒண்ணுதான் வெக்கல, மத்தபடி சாமி படந்தான்” என்பார் வீட்டுக்காரர்.

நாளை மே.வளவு. சர்க்கரை மாத்திரை எடுத்துவைக்க வேண்டும்.

ஜனவரி 21, புதன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போகும்போது எல்லாம் வழக்கம்போலத்தான். நீலச் சேலை, பனியன், அட்டை, ரப்பர் செருப்பு. பதினொன்றுக்குத்தான் வெயில் வந்தது. எல்லைக்கல்லில் செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் பத்துப் பதினைந்து ஜோடி. அதில் ஒரு கறுப்பு ஜோடி, பட்டி வைத்தது, அடியில் மண்கூட ஒட்டாதது. சடையண்ணனுடைய மெத்தைச் செருப்பு. சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்வது. போன ஆடியில் டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கி நானே கொண்டுவந்து கொடுத்தேன். அது புதுசாகவே இருப்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தாண்டிப்போனேன்.

அங்கன்வாடி வாசலில் முகாம். நடுவில் நின்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன். “சர்க்கரை இருக்கறவங்க வெறுங்கால்ல நடக்காதீங்க சாமி. முள்ளுக் குத்துனாத் தெரியாது. புண்ணு வந்தா ஆறாது.” வெறுங்காலில் நின்றுகொண்டு சொன்னேன். ஆறு வருசமாக மாதாமாதம் இதே இடம், இதே வார்த்தை, இதே வெறுங்கால். ஒருவர்கூடச் சிரித்ததில்லை. மரியாதை தெரிந்த ஜனம்.

சடையண்ணன் வரவில்லை. மிளகுப் பறிப்பு, மரத்தில் இருப்பார் என்று நினைத்தேன். ஐம்பத்து நாலு வயசு. ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவில் பெருவிரலைக் கொடுத்து, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சி வரை போவார். அந்த ஊரில் அவரைப்போல் ஏற ஆள் இல்லை. மாத்திரையை வீட்டில் கொடுத்துவிடலாம் என்று போனேன்.

அவர் மனைவி நல்லம்மாள் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “ரெண்டு நாளாக் காச்சலுங்க. உள்ள படுத்திருக்காரு.”

வாசற்படியிலேயே நாற்றம் வந்தது. இருபது வருசமாக இந்த வேலை. என்ன நாற்றம் என்று மூக்குக்கு உடனே தெரிந்தது, மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

வலது கால். மஞ்சளும் பச்சிலையும் வைத்து வேட்டிக் கிழிசலால் கட்டியிருந்தார். அவிழ்த்தேன். இரண்டு விரல் கறுப்பு. புறங்கால் வீங்கி, கணுக்காலுக்கு மேலும் சிவப்பு ஏறியிருந்தது. அடியில் மூங்கில் சிலாம்பு உள்ளேயே ஒடிந்து நின்றது.

“எப்பங்கண்ணா குத்துச்சு?”

“பொங்கலுக்கு முன்னாலயேங்க. குத்துனதே தெரியலீங்கம்மா. தரையில ரத்தத்தப் பாத்துட்டு இவதான் சொன்னா. வலியே இல்லீங்க. அதான் உட்டுட்டேன்.”

வலியே இல்லை என்பதுதான் மோசம். வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பார்.

பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். கத்தினேன். “அந்தச் செருப்ப எதுக்குங்க கொடுத்தேன்? அழகு பாக்கறதுக்கா?”

“கல்லுக்கிட்ட இருக்குதுங்க. வெளிய போறப்பப் போடுவேன்.”

“உங்க ஊடு, காடு, மரம் எல்லாமே கல்லுக்கு உள்ளதான இருக்குது? நீங்க வெளிய போறது சந்தைக்கு மட்டுந்தானுங்களே?”

“ஊருக்குன்னு ஒரு கட்டு இருக்குதுங்களே அம்மா. நீங்களே மதிச்சு வெறுங்கால்ல வர்றீங்க. அவ்வளவு ஆபத்துன்னா, படிச்சவங்க, நீங்க நடப்பீங்களான்னு நெனச்சுட்டனுங்க.”

குத்திக்காட்டவில்லை. காய்ச்சல் முகத்தோடு சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குனிந்தேன். அவர் காலுக்குப் பக்கத்தில் என் கால், புழுதியோடு.

ஊர்க்கவுண்டர் ஜீப் வைத்திருக்கிறார். ஊர்க் காரியங்களுக்கு அவர்தான் தலை. என் வயசு ஆள். ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை எடுத்தார். சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்தபோது மிஷின் எண்ணே காட்டவில்லை, ‘அதிகம்’ என்று மட்டும் காட்டியது. டாக்டரம்மா ஊசி போட்டு உடனே கீழே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது நல்லம்மாள் என்னிடம், “மிளகு முத்தத்துல அப்படியே கெடக்குதுங்க” என்றாள்.

ஜீப்பில் திரும்பிப் போய் என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

தூறல். வேலை ஓடவில்லை. ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு அட்டையில் வேறு குழந்தையின் பெயரை எழுதி, அந்தத் தாய் சொல்லித் திருத்தினேன்.

போன் செய்தேன். நல்லம்மாள் எடுத்தாள். இரண்டு விரலை எடுத்தாயிற்று. “இத்தோட போயிருங்களா நர்சம்மா?” போய்விடும் என்றேன். தெரிந்தா சொன்னேன்?

வீட்டுக்காரரிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது முழுக்கதையும் சொன்னேன். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றும் வேலை அவருக்கு, மேலெல்லாம் மண். கேட்டுவிட்டு, “அவன் போடாம வுட்டா நீ என்ன புள்ள பண்ணுவ? வாயால சொன்ன இல்ல?” என்றார்.

சொன்னேன். வாயால் சொன்னேன், காலால் வேறொன்று சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று மற்றவர்களை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன்.

சோறு இறங்கவில்லை. அவரே தட்டை எடுத்துக் கழுவினார்.

ஜனவரி 24, சனி

லீவு எழுதிவைத்துவிட்டு முதல் பஸ். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் ஜன்னலில் தலை நீட்டி வாந்தி. மலையடிவாரத்தில், காரவள்ளியில் டீ. என் அம்மா வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான், போகவில்லை. போனால் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள்.

எடுத்துக்கொண்டது: ஆரஞ்சு, நல்லம்மாளுக்கு ஒரு பழைய சேலை, துண்டு, பிளாஸ்க்.

சேலை கட்டியிருந்தேன், பச்சைப் பூப்போட்டது. சீருடை இல்லை. வார்டில் நர்ஸ் என்னைச் சொந்தக்காரி என்று நினைத்து, “ஏம்மா, இவ்வளவு நாளா வீட்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று சத்தம் போட்டாள். நான் நர்ஸ் என்று சொல்லவில்லை. அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான்.

அறுவை டாக்டர் தெளிவாகச் சொன்னார். விரலோடு நிற்கவில்லை, மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் முழங்காலும் போகும், அதற்குப் பிறகு ஆளே.

சடையண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நல்லம்மாள் என்னைப் பார்த்தாள்.

“அண்ணா.”

“காலில்லாம நா என்னங்க பண்ணுவேன்? வேற தொழில் தெரியாதுங்க.”

“உசிரு இருந்தாத்தானுங்க தொழிலு.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். பிறகு திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாச் சரிங்க.”

என்னை நம்பித்தான் வெறுங்காலில் நடந்தார். இப்போதும் என்னையே நம்புகிறார். இதைவிட அவர் என்னை வைதிருக்கலாம்.

“போட்டுருங்கண்ணா” என்றேன்.

“கட்டக்கால் வச்சா மறுபடி மரமேற முடியுங்களா?”

“பாக்கலாம்ங்க” என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். கட்டை விரல் ரேகையை வைத்தார். மையைத் துடைக்கத் துணி இல்லாமல் என் முந்தானையில் துடைத்தேன்.

வெளியே வந்ததும் எதிர்க் கடையில் ஷூ வாங்கினேன். கறுப்பு, நாடா வைத்தது. கடைக்காரர் “ஸ்கூல் டீச்சருங்களா?” என்று கேட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். நல்ல வெயில். எல்லோரும் முழுச் சீருடை, மருந்தாளுநர் குல்லாய் இல்லாமல். தலையில் முடி இத்தனை குறைவா என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டார். அடுத்த மாதம் கீழே ஒரு கண்காட்சி, நம் நிலையத்துக்கும் ஒரு தட்டி உண்டு, அதில் என் வெறுங்கால் போட்டோவைப் பெரிதாகப் போடலாமா என்றார். “மலை ஜனங்களோட எப்படிப் பழகணும்னு எல்லாரும் பாக்கணும் சிஸ்டர்.”

சடையண்ணனின் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவர்தான். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. நானே அந்தப் புதன்கிழமை வரை பார்க்கவில்லை, அவரைச் சொல்லி என்ன.

“வேண்டாங்க” என்றேன். ஏன் என்றார். சொன்னேன், நின்றபடியே, எல்லாவற்றையும். அவர் முகம் சின்னதாகிவிட்டது. “நானும் அந்தப் போட்டோவ எல்லாருக்கும் அனுப்பினேனே” என்றார். இருவரும் கொடிக்கம்பத்தடிக்குத் திரும்பிப் போனோம். மிட்டாய் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து போட்டோவை ஆணியிலிருந்து எடுத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. வீட்டுக்காரர் பார்த்தார், இந்த முறை கிண்டல் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

கால் எடுத்தாயிற்று. பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. ஆள் நன்றாக இருக்கிறாராம். அந்த நேரத்தில் நான் ஒரு கர்ப்பிணியின் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். 46 கிலோ. எழுதினேன்.

“அந்தக் காலக் கேட்டு வாங்கிப் பொதைக்கணுமுங்களா நர்சம்மா? இங்க யாரக் கேக்கறதுன்னு தெரியல” என்று நல்லம்மாள் கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அப்படியா என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

நீலச் சேலை. ஷூ. காலுறை சாம்பல் நிறம், வீட்டுக்காரருடையது. கண்ணாடியில் பார்த்தால் பாதி நர்ஸ், பாதி வாட்ச்மேன்.

ராத்திரியெல்லாம் பேச்சைத் தயார் செய்திருந்தேன். செருப்போடு உள்ளே போகப்போகிறேன், ஊர் தடுக்கும், சண்டை வரும், என்னை மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பார்கள், கொடுக்கட்டும். இனி ஒரு கால் போக விடமாட்டேன். பஸ்ஸில் உதடு அசைய ஒத்திகை பார்த்ததில் பக்கத்தில் இருந்த அம்மா தள்ளி உட்கார்ந்தாள்.

எல்லைக்கல்லில் நின்றேன். கால் தானாகக் கழற்றப் போனது, ஆறு வருசப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். கிணற்றடியில் மூன்று பெண்கள் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் படபடப்பாக இருந்தது. நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு நடந்தேன். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பாருங்க, நா ஷூவோடதான் வந்திருக்கேன். இனிமேக் கழட்ட மாட்டேன். உங்க கட்ட மதிக்கலைன்னு நெனச்சாலும் சரிங்க. சடையண்ணனுக்கு ஆனது இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது.” ஒத்திகை பார்த்ததில் பாதிகூட வரவில்லை, மூச்சு வாங்கியது.

அவர் குழாயை நிறுத்தினார். ஒன்றும் புரியாதவர்போல் பார்த்தார்.

“ஏனுங்க, நாங்க எப்பங்க உங்களக் கழட்டச் சொன்னோம்?”

நான் குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்:

“மருந்து கொண்டுக்கிட்டு வர்றவங்களுக்குக் கட்டு இல்லீங்களே. அது அந்தக் காலத்துல இருந்தே அப்படித்தான். மருத்துவச்சிக்குக் கெடையாது, மருந்துக்காரருக்குக் கெடையாது. உங்களுக்கு முன்னால இருந்த நர்சம்மா கடைசி வரைக்கும் செருப்போடதான் வந்து போனாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லீங்க.”

“அப்ப எங்கிட்ட ஏனுங்க சொல்லல?”

“நீங்களா ஆசப்பட்டுக் கழட்டுனீங்க. பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரே சந்தோசம். வேண்டாமுன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னு உட்டுட்டோமுங்க.”

என் மனசு நோகக் கூடாதே என்று அவர்கள் விசயத்தைச் சொல்லவில்லை. அவர்கள் மனசு நோகக் கூடாதே என்று நான் எதையும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் ஒரு மனுசனின் கால்.

சடையண்ணனுக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். ஊர்க்காரருக்குச் சாமியிடம் பூக் கேட்க வேண்டும் என்றார். சாமி தலையில் பூ வைத்து, வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. “அந்தச் செருப்பும் மருந்துதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே கேட்டிருப்போமுங்க. நாங்க அத வெறும் செருப்புன்னு நெனச்சோம்.”

நான் அதைச் செருப்பு என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். “கால்ல போட்டுக்கங்கண்ணா, நல்லா மெத்துன்னு இருக்கும்” என்று. பத்து வகை மாத்திரையைப் பத்து விதமாக விளக்கத் தெரிந்தவள், இதை மருந்து என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அப்படியானால் நீங்கள் ஏன் போடவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டால் கொம்பு உடையும். உள்ளுக்குள் அது எனக்குத் தெரிந்தே இருந்ததோ என்னவோ. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

“பூக் கேளுங்க” என்றேன். வெள்ளிக்கிழமை என்றார். ஷூ இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. பிளாஸ்திரி போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பூ விழுந்தது. வலப்பக்கம். சர்க்கரைக்காரர்கள் ஐந்து பேர், சடையண்ணனையும் சேர்த்து ஆறு. ‘காலுக்கு மருந்து’ போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கலாம், கோயில் வாசலுக்கு மட்டும் கூடாது.

மாலை ஐந்துக்கு ஆரம்பித்தார்கள், ஐந்தரைக்கு முடிந்தது. பொங்கல் கொடுத்தார்கள். அரை மணி நேர வேலை. ஆறு வருசம் அதைக் கேட்க எனக்கு நேரம் வரவில்லை.

ஐந்து பேரின் கால் அளவையும் பேப்பரில் வைத்து வரைந்து எடுத்துக்கொண்டேன். ஒரு அம்மா காலை வைக்கக் கூச்சப்பட்டு, “நர்சம்மா எங்காலப் புடிக்கறதாவது!” என்று இழுத்துக்கொண்டாள். பிடித்து வைத்து வரைந்தேன். சின்னக் கால், சுண்டுவிரலில் பழைய தழும்பு.

ஆறாவது ஆளுக்கு ஒரு கால்தான் வரைய வேண்டும். அவர் வந்தபிறகு.

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி குறைந்துவிட்டது. வெயில் சுள்ளென்று.

சடையண்ணன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டு மாற்றப் போனேன். நீலச் சேலை, அட்டை, ஷூ. கையுறை இரண்டு ஜோடி, பஞ்சு, மருந்து, புதுத் துணிச் சுருள்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகத் தொங்கியது. எதிரே மரங்களில் வேறு ஆட்கள் ஏறியிருந்தார்கள், பறிப்பு முடிகிற சமயம். மேலே இருந்தவனைப் பார்த்துக் கத்தினார்: “ஏய், கொடிய இழுக்காத, கொத்த மட்டும் கிள்ளு!” என்னைப் பார்த்ததும் குரலை இறக்கி, “வாங்கம்மா” என்றார். முதலில் என் முகம், அடுத்து ஷூ.

நல்லம்மாள் பால் விடாத வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போகவில்லை, நிலையில் சாய்ந்து நின்றாள்.

தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். தையல் சுத்தமாக இருந்தது. நாற்றம் இல்லை. வேலையைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், கேட்டுவிட்டேன். இருபது நாளாக உள்ளேயே கிடந்த கேள்வி.

“அண்ணா, நா மொதல்ல இருந்தே செருப்புப் போட்டுக்கிட்டு வந்திருந்தா, நீங்களும் போட்டிருப்பீங்களா?”

ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். ‘அதெல்லாம் இல்லீங்கம்மா, எந் தலையெழுத்து’ என்று அவர் சொல்வார், இந்த ஜனம் அப்படித்தான் சொல்லும், கேட்டுவிட்டு ராத்திரி தூங்கலாம் என்று. அதற்குத்தான் கேட்டேன். அவ்வளவு மரியாதையான மனுசன்.

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்தார். நியாயமாக யோசித்துத்தான் சொன்னார்.

“போட்டிருப்பனுங்க.”